யார் பாவத்தை யார் சொல்வது?

"நீங்கள் முதன் முதலில் எழுதிய கதை எது?" என்று வாசகர்கள் சில சமயம் கேட்கிறார்கள். பத்திரிகையில் அச்சான முதல் கதையின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். வாஸ்தவத்தில் என் முதல் கதையை நான் எழுதவில்லை; வாயால் சொன்னேன். சொன்னபோது எனக்கு எட்டு வயது. முழந்தாளிட்டிருந்தேன். கேட்டவர் ஒரு சாமியார். இடம், எங்கள் ஊர்க் கோவிலில் இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டி.

கத்தோலிக்கரல்லாத வாசகர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். தொட்டி என்றதும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது மரத்தால் செய்த கூண்டு. நடுவில் சாமியார் உட்கார ஒரு ஆசனம். இரு பக்கமும் சல்லடை மாதிரி துளை போட்ட பலகை. அந்தப் பலகைக்கு வெளியே முழந்தாளிட்டு, நாம் செய்த பாவங்களைத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். அவர் கேட்டு, புத்தி சொல்லி, ஒரு அபராதம் விதித்து, கடவுளின் பெயரால் பாவப் பொறுத்தல் கொடுப்பார். அந்த நாளில் அந்த ஆசீர்வாதம் லத்தீனில் இருக்கும். நமக்குப் புரியாது. புரியாததனாலேயே அது பலமான மந்திரம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நான் சொல்வது 1958-ஆம் வருஷம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். ஏழு வயதளவில் புத்தி தெளிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நன்மை கொடுக்கலாம் என்று 1910-லேயே பத்தாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் விதித்துவிட்டார். ஆகவே எட்டு வயதுப் பயல்கள் பதினைந்து பேரைக் கோவில் தாழ்வாரத்தில் உட்கார வைத்து உபதேசியார் பாடம் நடத்தினார். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும். அவற்றை ஐந்து விரலில் மடக்கச் சொல்லிக் கொடுத்தார். பாவங்களை ஞாபகத்துக்குக் கொண்டுவருவது பெருவிரல். மனஸ்தாபப்படுவது ஆள்காட்டி விரல். இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது நடுவிரல். சாமியாரிடம் சொல்வது மோதிர விரல். அபராதத்தைத் தீர்ப்பது சுண்டுவிரல். "சுண்டுவிரல்தானேன்னு அலட்சியம் பண்ணாதீங்கலே" என்பார் உபதேசியார். அதன் அர்த்தம் எனக்குப் பல வருஷங்களுக்குப் பிறகே விளங்கிற்று.

பாவம் இன்னதென்று சொன்னால் மட்டும் போதாது. எத்தனை தடவை என்றும் சொல்ல வேண்டும் என்றார். அங்கேதான் எனக்குச் சங்கடம் வந்தது. பொய் சொல்கிறவன் எவனாவது கணக்கு வைத்துக்கொள்கிறானா? என் முறை வந்ததும் துணிந்து, "பொய் நாலு தடவை, காலைச் செபம் மறந்தது ஐந்து தடவை, பூசையில் பராக்குப் பார்த்தது ஆறு தடவை" என்று வரிசையாக அடுக்கினேன். நாலு, ஐந்து, ஆறு என்று வந்தது எனக்கே அழகாக இருந்தது. வெளியே வந்த பிறகு சந்தேகம் பிடித்தது. அந்த 'நாலு' என்பதே ஐந்தாவது பொய் அல்லவா? என் கற்பனைத் தொழிலுக்கு அன்றுதான் கால்கோள் விழா என்று சொல்ல வேண்டும்.

அன்று இன்னொன்றும் நடந்தது. சொல்ல வேண்டிய பாவங்கள் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டனவே என்று, "அக்கா என்னை அடிச்சா, சாமி" என்று சேர்த்துக்கொண்டேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் சிறிது நேரம் சப்தமில்லை. பிறகு, "அது அக்கா பாவம். அதை அக்கா வந்து சொல்லுவா. நீ உன் பாவத்தைச் சொல்லு" என்று பதில் வந்தது.

மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதம். வாசலில் அக்கா காத்திருந்தாள். "என்னலே, என்ன அபராதம்?" என்று கேட்டாள். சொன்னேன். "வெறும் மூணா? பொய்க்காரப் பயலே, எல்லாத்தையும் சொன்னியா?" என்று தலையில் குட்டினாள். அக்காவின் பாவக் கணக்கில் அந்தக் குட்டையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பழைய சொல்லைப் பாருங்கள்: பாவசங்கீர்த்தனம். பஜனை மடத்தில் பகவானுடைய நாமத்தைப் பாடுவதும் சங்கீர்த்தனம்தான். இங்கே ஒருவன் தன் பாவங்களைச் சங்கீர்த்தனம் செய்கிறான். கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றினாலும், மூடி வைத்திருந்ததை வாய் திறந்து வரிசையாகச் சொல்வது என்ற பொருள் அதில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் காரியத்துக்கும் தமிழுக்கும் உறவு நேற்று ஏற்பட்டதல்ல. இந்திய மொழிகளில் முதன் முதலாகத் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது தமிழ்தான் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579-ல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகியவற்றைப் பலர் அறிவார்கள். முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் அடுத்து வெளியிட்ட நூலை அவ்வளவு பேர் அறியமாட்டார்கள். 1580-ல் கொச்சியில் அச்சான அதன் பெயர் 'கொம்பெசியோனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்பதற்கான கையேடு! தமிழன் அச்செழுத்தில் படித்த முதல் சில புத்தகங்களில் ஒன்று, தன் குற்றத்தைத் தானே சொல்லப் பழக்கும் புத்தகம். தமிழில் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கூண்டும் ரகசியமும் ஆதியிலிருந்தே இருந்தவை என்று நான் சிறுவயதில் நம்பினேன். அப்படியில்லை. ஆதித் திருச்சபையில் கொலை, விபசாரம், மத மறுப்பு போன்ற பெரும் பாவங்களுக்கு ஊரறியத் தபசு செய்ய வேண்டியிருந்தது. அதுவும் பொதுவாக ஆயுளில் ஒரே ஒரு தரம். தனியாக ஒரு குருவிடம் அடிக்கடி சொல்லிப் பாவப் பொறுத்தல் பெறும் வழக்கத்தை 6-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்தே தீர வேண்டும் என்று விதித்தது 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம். சல்லடை வைத்த கூண்டு, மிலான் நகரத்துப் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோவின் ஏற்பாட்டால் 16-ஆம் நூற்றாண்டில் பரவியது. ஊரறிய இருந்தது இருவர் அறிவதாயிற்று. இருவருக்கும் நடுவில் ஒரு பலகையும் வந்தது. பலகை வந்ததில் சௌகரியம் உண்டு. சௌகரியத்தோடு ஒரு ஆபத்தும் வந்தது. அந்த ஆபத்தில் நான் விழுந்த கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன். சாமியார் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற முத்திரை அவர் வாய்க்குத்தான். என் வாய்க்கு இல்லை.

எங்கள் அம்மா காலமானபோது எனக்கு நாலு வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். 1960-ல், அவளுடைய பத்தொன்பதாவது வயதில், அவள் கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போனாள். ஊரே வந்து வழியனுப்பிற்று. எங்கள் பக்கத்தில் அது ஒரு குடும்பத்துக்குப் பெரிய கௌரவம். அப்பா அன்று அழுதார். ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டு அழுதார்.

பத்து மாதத்தில் அக்கா திரும்பி வந்துவிட்டாள். ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கித் தெரு வழியே தனியாக நடந்து வந்தாள். மடத்திலிருந்து திரும்பி வந்த பெண் என்றால் அந்த நாளில் ஊர் என்ன பேசும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஏன் வந்தாள் என்று அப்பா கேட்கவில்லை. ஆச்சி கேட்டாள், பதிலில்லை. தெருவில் கேட்காதவர்களே இல்லை. அவர்கள் பதிலையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் பதில் தெரியும். 1964-ல் அக்காவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, முற்றத்தில் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

"பசிச்சுதுலே. அங்க எல்லாரும் சாப்பிட்டதைத்தான் எனக்கும் குடுத்தாங்க. குறை சொல்லக் கூடாது. எனக்குத்தான் காணலை. ராத்திரி தூக்கம் வராது. ஒருநா சமையக்கட்டுல ரெண்டு வாழைப்பழத்தை எடுத்துத் தின்னுட்டேன். மறுநா சாமியார்ட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை. பசிக்குத் திருடுறவ என்ன கன்னியாஸ்திரீன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன். பசிக்குதுன்னு திரும்பி வந்தேன்னு ஊர்ல எப்படிச் சொல்ல?"

எனக்குப் பதினாலு வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று ஞாபகம்.

பதினைந்து வருஷம் கழித்து, 1979-ல், ஒரு பத்திரிகைக்குக் கதை கேட்டார்கள். நான் அப்போது சென்னையில் ஓரளவு பெயர் எடுத்து வந்த சமயம். மடத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். கடலோர ஊர், தாயில்லாத வீடு, தகரப் பெட்டி, பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியே நடந்து வருவது எல்லாம் அப்படியே வந்தன. ஒன்றை மட்டும் மாற்றினேன். அவள் ஏன் திரும்பினாள் என்ற இடம் வந்தபோது, பசி என்று எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. இரண்டு வாழைப்பழத்துக்காக ஒருத்தி திரும்பி வந்தாள் என்றால் எந்த வாசகர் உருகுவார்? ஆகவே பீடத்துக்கு மர வேலை செய்ய வந்த ஓர் இளைஞனை மடத்துக்குள் நுழைத்தேன். கதை பிரமாதமாக அமைந்துவிட்டது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அந்தக் கதையின் தலைப்பை நான் இங்கே சொல்லமாட்டேன். என் எந்தத் தொகுதியிலும் அது இல்லை.

அக்கா புருஷன் வீட்டில் அந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். "கதைதானே!" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அக்காவிடமிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த வருஷம் அவளுடைய கடைசி மகளுக்குப் புதுநன்மை. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் வளர்ந்த கையால் வளர்ந்த பிள்ளை. அதன் புதுநன்மை நடந்ததையே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்குக் கோபம் வந்தது! யாரிடம் யார் கோபித்துக்கொள்வது என்ற நியாயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஐந்து வருஷமும் நான் பூசை தவறியதில்லை. நன்மை வாங்காமல் இருந்ததில்லை. தபசுக்காலம் தோறும் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். கோபம், சோம்பல், பூசைக்குப் பிந்தி வந்தது, வீண் பெருமை என்று ஒழுங்காகச் சொன்னேன். நாலு, ஐந்து, ஆறு! இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறைத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. அதற்குப் பாவம் என்று நான் பெயர் வைத்திருக்கவில்லை. இலக்கியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

1984-ஆம் வருஷ ஆரம்பத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்தேன். 1981 மே 13-ந் தேதி ரோமாபுரியில் இரண்டாம் ஜான் பால் பாப்பரசரை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான் அல்லவா? அவன் பெயர் மெஹ்மத் அலி அக்ஜா. 1983 டிசம்பர் 27-ந் தேதி பாப்பரசர் ரெபிபியா சிறைக்குப் போய் அவனை அவனுடைய அறையிலேயே சந்தித்தார். இரண்டு நாற்காலிகளில் இருவரும் முழங்காலுக்கு முழங்கால் நெருங்கி உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார் யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள் என்று தெரியாத மாதிரி இருந்தது அந்தப் படம். பேசியது என்ன என்பது எங்கள் இருவருக்குள் ரகசியம் என்று அவர் சொல்லிவிட்டார். சுடப்பட்ட சில நாட்களிலேயே, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி, அவனை மன்னித்துவிட்டதாக அவர் உலகத்துக்குச் சொல்லியிருந்தார். மன்னித்தது முடிந்த காரியம். பிறகு எதற்காகச் சிறைக்குள் போனார்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சுடப்பட்டவர் எழுந்து போயிருக்கிறார். நானோ சுட்டவன், வீட்டில் உட்கார்ந்துகொண்டு அக்காவிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தபசுக்காலத்தில், சென்னையில் எனக்கு அறிமுகமில்லாத ஒரு கோவிலில், ஒரு வயதான சாமியாரிடம் போனேன். அப்போதும் நேராகச் சொல்ல நா எழவில்லை. "என் அக்கா ஐந்து வருஷமாக என்னோடு பேசுவதில்லை, சாமி. மனதில் பகை வைத்திருக்கிறாள்" என்று ஆரம்பித்தேன்.

"அது அவங்க பாவமா இருந்தா, அவங்க வந்து சொல்லுவாங்க. நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார் அவர்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு பலகைக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே வார்த்தை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆசாரிப் பையன் உண்மையா?" என்று கேட்டார்.

"இல்லை சாமி. கதைக்காக நான் சேர்த்தது."

"அது உங்களுக்குத் தெரியும், உங்க அக்காவுக்குத் தெரியும். அக்கா வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

நான் பேசவில்லை.

"பணத்தைத் திருடினவன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். பேரைத் திருடினவன் பேரைத் திருப்பிக் கொடுக்கணும். நேர்ல போங்க. அக்காகிட்டச் சொல்லுங்க. அவங்க யார்கிட்டச் சொல்லச் சொல்றாங்களோ, அவங்ககிட்டயும் சொல்லுங்க. அதுதான் உங்க அபராதம்."

"கடிதம் எழுதலாமா, சாமி?" என்று கேட்டேன்.

"நீங்க எழுத்தாளர். கடிதம் ரொம்ப நல்லா எழுதிடுவீங்க. அதனால வேண்டாம்" என்றார்.

பாவப் பொறுத்தலைக் கொடுத்துவிட்டார். தமிழில்தான் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.

சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி, மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தான் ஊரில் இல்லை. அக்கா பின்கட்டில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வா" என்றாள். தம்பி என்று சேர்க்கவில்லை. சுளகும் நிற்கவில்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ரயிலில் வரும்போது தயார் செய்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "என்னை மன்னிச்சிரு, அக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"அந்தக் கதைக்கு."

"கதைல என்ன? விவரமாச் சொல்லு. சாமியார்ட்ட இப்படித்தான் மொட்டையாச் சொல்லுவியா?"

நான் விரலை மடக்கினேன். "ஒண்ணு, நீ என்னை நம்பிச் சொன்னதை எடுத்து எழுதினேன். ரெண்டு, அதை மாத்திப் பொய்யா எழுதினேன்."

"மூணு?"

மூன்றாவது எனக்குத் தெரியவில்லை. அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வருஷம் இந்த வாசல்படியை மிதிக்காம இருந்தியே, அது?"

சிறிது நேரம் கழித்து அவளே பேசினாள். "பசின்னே எழுதியிருந்தாலும் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்லே. ஆனா அது என் விஷயம், எனக்கு வந்த கோபம்னு இருக்கும். நீ எழுதினது எவளோ ஒருத்தியை. அவளுக்காக இந்த வீட்டுல நான் பேச்சு வாங்குனேன். நான் செஞ்ச தப்புக்குப் பேச்சு வாங்கினா தாங்கிக்கலாம்."

இதற்கு நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. "யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். அவள் கண்ணால் உள்ளறையைக் காட்டினாள்.

அத்தானுடைய தாயார் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். எண்பதை நெருங்கும் வயது. நான் நின்றுகொண்டே, "அத்தை, நான் எழுதின அந்தக் கதையில் வரும் பையன் என் கற்பனை. அப்படி யாரும் கிடையாது. அக்கா வாழ்க்கையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தப்பு என்னுடையது" என்று சொன்னேன். மேடையில் ஆயிரம் பேருக்கு முன் பேசியிருக்கிறேன். அன்று அந்த ஒரு கிழவிக்கு முன் கால் நடுங்கிற்று.

அவர்கள் இடிப்பதை நிறுத்தினார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "கதைதானப்பா? கதைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்கள்.

கதவோரம் நின்ற அக்காவை நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. கதை என்று தெரிந்தேதான் ஐந்து வருஷம் அவளைப் பேசியிருக்கிறார்கள். கையில் நானாகவே கொண்டுபோய்க் கொடுத்த கல் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றதா என்று அக்கா சொன்னதில்லை. கேட்க எனக்கும் துணிவு வந்ததில்லை.

"மன்னிச்சேன்னு இப்பச் சொல்லமாட்டேன். வாய்க்கு வரலை. சாப்பிடு" என்று அக்கா இலை போட்டாள். சாப்பிட்டேன். சாயங்காலம் புறப்பட்டபோது பையை வாங்கி உள்ளே எதையோ வைத்துக் கொடுத்தாள். ரயிலில் திறந்து பார்த்தால் ஒரு காகிதத்தில் சுற்றி இரண்டு வாழைப்பழம் இருந்தது. ரயிலுக்குப் போகிறவனுக்குப் பழம் கொடுத்து அனுப்புவது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. விழுப்புரம் தாண்டியதும் பசித்தது, சாப்பிட்டேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது. 'அன்புள்ள தம்பிக்கு' என்று ஆரம்பித்திருந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் எங்கும் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து போனதையும் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதையும் எழுதியிருந்தாள்.

இப்போது கோவில்களில் பாவசங்கீர்த்தனம் என்ற சொல் குறைந்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1973-ல், இதற்குப் புதிய சடங்கு முறை வந்தது. விரும்பினால் பலகை இல்லாமல் சாமியாருக்கு எதிரே உட்கார்ந்து பேசலாம். பெயரும் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்றாயிற்று. பழைய சொல்லில் ஊறிய என் போன்றவர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பழகப் பழக, இந்தச் சொல்லில் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது. வள்ளுவர் ஒரு அதிகாரத்துக்கே 'ஒப்புரவறிதல்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஊரோடு ஒத்து, பிறருக்கு உதவி வாழ்வதை அங்கே அந்தச் சொல் குறிக்கிறது. சங்கீர்த்தனத்தை ஒருவன் தனியாகச் செய்துவிட்டுப் போகலாம். ஒப்புரவுக்கு மற்றவர் வேண்டும். காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று சேசுநாதர் சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா? உனக்கு அவன் மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன் மேல் இருந்தால் என்கிறார். இந்த இடத்தை நான் நூறு தடவை காதால் கேட்டிருப்பேன். தகரப் பெட்டியை எழுதியவனுக்கு அது காதில் விழாமல் போயிற்று.

நாவலாசிரியன் தொழிலில் இந்த அபாயம் எப்போதும் இருக்கிறது. பிறர் பாவத்தை ஊரறியச் சங்கீர்த்தனம் செய்துவிட்டு, அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொள்கிறவன் அவன். எழுதாமல் இருக்கவும் முடியாது. எழுதும்போது, இது யாருடைய பாவம், யார் இதைச் சொல்ல வேண்டியவர் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்ட பிறகும் சில சமயம் எழுதித்தான் விடுகிறேன். அதற்கும் ஒரு சனிக்கிழமை வருகிறது.

அப்படியானால் இதை மட்டும் எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். அக்கா 2009-ல் காலமானாள். அதற்கு முந்தின வருஷம் நான் போயிருந்தபோது அவளாகவே பேச்சை எடுத்தாள். "என்னை வச்சு மறுபடி எழுதாம உன்னால இருக்க முடியாது. நான் போனப்புறம் எழுதிக்கோ. பசின்னே எழுது. பெட்டி பச்சைன்னு எழுது, கதையில நீலம்னு போட்டிருந்த" என்றாள். ஐந்து வருஷம் பேசாமலிருந்தவள், பெட்டியின் நிறத்தை முப்பது வருஷம் மனதில் வைத்திருந்திருக்கிறாள். ஆகவே பசி என்றே எழுதிவிட்டேன். பெட்டி பச்சைதான்.

போன தபசுக்காலத்தில் எங்கள் கோவிலுக்குப் போனேன். வரிசையில் ஆறேழு பேர்தான் இருந்தார்கள். சாமியார் என் பேரன் வயதுப் பிள்ளை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். பொறுமையிழந்து கோபப்பட்டதைச் சொல்ல வந்தவன், "வீட்டில் மருமகன் இருக்கிறானே, சாமி, அவன் என்ன செய்கிறான் என்றால்..." என்று தொடங்கிவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பெரியவர் பேச்சுக்கு மரியாதை கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. நானே நிறுத்திக்கொண்டேன்.

"மன்னிக்கணும், சாமி. அது மருமகன் பாவம். அவன் வந்து சொல்லிக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு, பெருவிரலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.